ஒரே அறையில் வளர்ந்த அக்காவும் தம்பியும் ஏற்றத்தாழ்வைப் பற்றி ஏன் எதிரெதிராக நினைக்கிறார்கள்?

நீங்கள் கேட்டதை மற்றவர்களுக்காகச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். தாராவியில் பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில் நீங்களும் உங்கள் தம்பியும் வளர்ந்தீர்கள். அப்பா பரேலில் மில் தொழிலாளி. நீங்கள் மாநகராட்சி மருத்துவமனையில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். உங்களைவிட ஒன்பது வயது இளைய தம்பி லெதர் பை தொழில் செய்து நவி மும்பையில், வாஷியில் ஃபிளாட் வாங்கிவிட்டார். "கஷ்டப்பட்டால் யாரும் மேலே வரலாம், வராதவன் சோம்பேறி" என்று அவர் சொல்வது உங்களுக்குத் தாங்கவில்லை. பணம் வந்ததும் மனது மாறிவிட்டதா, இல்லை இருவருடைய விழுமியங்களும் ஆரம்பத்திலிருந்தே வேறா என்று கேட்கிறீர்கள். இதற்குள் நீங்கள் எழுதாமல் விட்ட இன்னொன்றும் இருப்பதாகப் படுகிறது: தம்பி சுயநலக்காரனாகிவிட்டானா? முதல் இரண்டுக்கும் ஓரளவு பதில் உண்டு. மூன்றாவதற்கு ஒரு கடிதத்தை வைத்து யாராலும் பதில் சொல்ல முடியாது. ஆனால் "ஆமாம்" என்று முடிவுகட்டுவதற்கு முன் யோசிக்க நிறைய இருக்கிறது. நான் படித்தது சமூக உளவியல். மும்பையிலும் தானேயிலும் வீடு வீடாகப் போய் வருமானம், வேலை, மனப்பான்மை பற்றிய கணக்கெடுப்புகளை நடத்துவது பல வருட வேலை. அந்த அனுபவத்தை வைத்துச் சொல்கிறேன்.

முதலில் உறுதியாகத் தெரிந்ததிலிருந்து தொடங்கலாம். விழுமியங்களை அளப்பதில் இன்று அதிகம் பயன்படுவது ஜெருசலேம் ஹீப்ரு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஷாலோம் ஷ்வார்ட்ஸ் 1992-ல் வெளியிட்ட வகைப்பாடு. பத்து விழுமியங்கள்: அதிகாரம், சாதனை, பாதுகாப்பு, மரபு, சுதந்திரமாக முடிவெடுப்பது, நெருங்கியவர்களின் நலன், எல்லா மனிதர்களின் நலன் என்று போகும் பட்டியல். இவற்றை அவர் ஒரு வட்டமாக அடுக்கினார். பக்கத்துப் பக்கத்தில் இருப்பவை ஒத்துப்போகும், எதிரெதிரே இருப்பவை இழுபறி செய்யும். அதிகாரமும் எல்லா மனிதர்களின் நலனும் நேரெதிர். பல நாடுகளில் கேட்டுப் பார்த்ததில், பெரும்பாலான சமூகங்களில் நெருங்கியவர்களின் நலன்தான் உச்சியில் வருகிறது, அதிகாரம் கீழே கிடக்கிறது. ஆக, ஒருவருக்கு இரக்கம் இருக்கிறது, இன்னொருவருக்கு இல்லை என்று பிரிப்பது அநேகமாகத் தப்பாகவே முடியும். உங்களையும் தம்பியையும் தனித்தனியாக உட்காரவைத்துக் கேட்டாலும் முதல் மூன்று இடங்களில் ஏறத்தாழ ஒரே விடைகள் வந்தால் எனக்கு ஆச்சரியமாக இருக்காது. வித்தியாசம் தெரிவது, இரண்டு நல்ல விஷயங்கள் மோதும்போது எதை விட்டுக்கொடுக்கிறோம் என்பதில்.

இதில் மும்பைத் தமிழர்களுக்கு ரொம்பப் பொருந்தும் ஒரு நுணுக்கம் உண்டு. நெருங்கியவர்களின் நலனும் எல்லா மனிதர்களின் நலனும் வட்டத்தில் பக்கத்துப் பக்கத்து வீடுகள், ஆனால் ஒரே வீடு அல்ல. ஏற்றத்தாழ்வு குறைய வேண்டும், அரசு தலையிட வேண்டும் என்ற மனப்பான்மையோடு தெளிவாகச் சேர்ந்து வருவது இரண்டாவதுதான். முதலாவதுக்கு அவ்வளவு தொடர்பு இல்லை. எங்கள் கணக்கெடுப்புகளில் அடிக்கடி பார்க்கும் ஆள் ஒருவர் இருக்கிறார். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து, ஒரு தொழில் வைத்து, பத்துப் பேருக்கு வேலை கொடுப்பார். அந்தப் பத்துப் பேரும் ஊர்க்காரப் பையன்கள். ஊர்க் கோயில் கொடைக்குப் பணம் அனுப்புவார், யாராவது பெண் கல்லூரியில் சேர்ந்தால் ஃபீஸ் கட்டுவார், ஊர்ச் சங்கத்தில் யார் செத்தாலும் முதல் ஆளாக நிற்பார். அவரிடமே "பணக்காரர்களிடம் அதிக வரி வாங்கி ஏழைகளுக்குச் செலவழிக்கலாமா" என்று கேட்டால் முகம் சுளிப்பார். கேட்கிற மாணவர்கள் இதைப் போலித்தனம் என்று எழுதிக்கொண்டு வருவார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தெரிந்தவனுக்குக் கொடுப்பது அவருக்குக் கடமை, தெரியாதவனுக்காக அரசு தன்னிடம் எடுப்பது பறிப்பு. உங்கள் தம்பி எத்தனை பேருக்குக் கைமாத்து கொடுத்துத் திரும்ப வராமல் விட்டிருக்கிறார் என்று விசாரித்துப் பாருங்கள்.

அடுத்தது, என் பார்வையில் இந்தக் கேள்வியின் மையமே இதுதான்: "வராதவன் சோம்பேறி" என்பது ஒரு விழுமியம் அல்ல. உலகம் எப்படி நடக்கிறது என்பதைப் பற்றிய ஒரு கணிப்பு. உழைப்புக்கு ஏற்ற கூலி கிடைக்க வேண்டும் என்பதில் நீங்களும் அவரும் சண்டை போடமாட்டீர்கள். இந்த ஊரில் அது கிடைக்கிறதா என்பதில்தான் சண்டை. யேல் பல்கலைக்கழக உளவியலாளர்கள் மூவர் 2017-ல் எழுதிய ஒரு கட்டுரையில், மனிதர்களுக்கு உறுத்துவது பெரும்பாலும் இடைவெளி அல்ல, அநியாயம்தான் என்று வாதிட்டார்கள். நார்வே, அமெரிக்கா இரண்டு நாட்டு மக்களையும் வைத்து நார்வே பொருளாதார அறிஞர்கள் செய்து 2020-ல் வெளியிட்ட சோதனை இன்னும் சுவாரஸ்யம். இரண்டு பேர் ஒரே வேலை செய்கிறார்கள், ஒருவருக்கு மட்டும் பணம் போகிறது. சம்பந்தமில்லாத மூன்றாவது ஆள் அதைப் பங்கு பிரித்துக் கொடுக்கலாம். யாருக்குப் பணம் என்பதைக் குலுக்கல் முடிவு செய்திருந்தால் ஜனங்கள் தாராளமாகப் பிரித்துக் கொடுத்தார்கள். வேலையை அதிகம் முடித்தவருக்குப் போயிருந்தால், இரண்டு நாட்டிலுமே, விட்டுவிடுகிற போக்கு வெகுவாகக் கூடியது. பிரித்துக் கொடுப்பதால் கொஞ்சம் பணம் வீணாகும் என்று சொன்னபோது அது பெரிதாக யாரையும் மாற்றவில்லை. ஆனால் ஒரே நிலைமையில் அமெரிக்கர்கள் நார்வேக்காரர்களைவிட அதிக இடைவெளியை ஏற்றுக்கொண்டார்கள். அதாவது எது நியாயம் என்ற பார்வையிலும் நாட்டுக்கு நாடு வித்தியாசம் இருக்கிறது, காரணத்தைப் பற்றிய நம்பிக்கையும் வேலை செய்கிறது. இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் "அவன் மனசு அப்படி" என்று சொல்லிவிட்டால் பாதிதான் புரியும்.

சரி, அந்த நம்பிக்கை எங்கிருந்து வருகிறது? உங்கள் தம்பியின் கண்முன் இருக்கும் சாட்சி அவரேதான். பத்துக்குப் பன்னிரண்டிலிருந்து வாஷிக்குப் போன ஒருவருக்குத் தன் கதை ஒரு நிரூபணம். அவரோடு அதே சந்தில் பை தைக்க ஆரம்பித்து, கடன் கட்ட முடியாமல் மெஷினை விற்றுவிட்டு ஊருக்குப் போனவர் வாஷியில் பக்கத்து ஃபிளாட்டில் இருக்கமாட்டார். நீங்களோ வேலை பார்த்த காலமெல்லாம் எதிர்ப்பக்கத்தைப் பார்த்தீர்கள். உழைக்க மறுத்தவர்களைவிட, உழைத்தும் டிபியில் விழுந்தவர்கள், கூலி இல்லாத நாளில் மருந்தை நிறுத்தியவர்கள்தான் உங்கள் வார்டில் அதிகம். இரண்டு பேரும் பார்த்தது உண்மை, இரண்டு பேரும் பார்த்தது ஒரு பக்கம். வேலையின் தன்மையே விழுமியத்தைச் செதுக்குகிறது என்பதை அமெரிக்க சமூகவியலாளர் மெல்வின் கோன் 1960-களிலேயே காட்டினார். தன் வேலையில் தானே முடிவெடுக்கிறவர்கள், பிள்ளைகளுக்கும் தன்னிச்சையையே பெரிதாகச் சொல்லிக்கொடுக்கிறார்கள். மேலதிகாரி சொன்னபடி செய்கிற வேலையில் இருப்பவர்கள் கீழ்ப்படிதலைச் சொல்லிக்கொடுக்கிறார்கள். சொந்தத் தொழில் செய்கிறவர்களுக்கு "நான் செய்தேன், வந்தது" என்ற உணர்வு அன்றாடம் கிடைக்கிறது. ஆனால் அப்படிப்பட்ட மனது உள்ளவர்கள்தான் தொழிலுக்குப் போகிறார்களா, தொழில் அப்படி ஆக்குகிறதா என்பது தீர்ந்த வழக்கு இல்லை. இரண்டும் கொஞ்சம் கொஞ்சம் என்பது என் ஊகம்.

இதற்கு அடியில் எல்லோருக்கும் பொதுவான ஒரு பலவீனமும் உண்டு. மெல்வின் லெர்னரும் கரோலின் சிம்மன்ஸும் 1966-ல் வெளியிட்ட சோதனையில், ஒரு பெண் தப்பான பதிலுக்கெல்லாம் மின்சார அதிர்ச்சி வாங்குவதைப் பார்க்கவைத்தார்கள் (அது நடிப்பு, பார்ப்பவர்களுக்குத் தெரியாது). அவளைக் காப்பாற்ற வழி இருந்தவர்கள் காப்பாற்றினார்கள், அவளைப் பற்றி மோசமாகச் சொல்லவில்லை. இது தொடரத்தான் போகிறது, ஒன்றும் செய்ய முடியாது என்று அறிந்தவர்களோ அவளையே மட்டமாக மதிப்பிட ஆரம்பித்தார்கள். உலகம் நியாயமாக நடக்கிறது என்று நம்பவேண்டிய தேவை நமக்கு அவ்வளவு. தீர்க்க முடியாத கஷ்டத்தை தினமும் பார்த்தால், அதைப் பட்டவர்மேல் பழி போட்டுவிடுவது மனதுக்குச் சௌகரியம். மும்பையில் சிக்னலுக்கு சிக்னல் நிற்க வேண்டியிருக்கிற யாருக்கும் இது நேரலாம், எனக்கும் உங்களுக்கும் சேர்த்துத்தான்.

உங்கள் இருவருக்கும் இடையே ஒன்பது வயது என்று எழுதியிருந்தீர்கள். அதை நீங்கள் போகிற போக்கில் சொன்னீர்கள், எனக்கு அதுதான் முக்கியமாகப் பட்டது. 1982 ஜனவரி 18-ந் தேதி தொழிற்சங்கத் தலைவர் தத்தா சாமந்த் தலைமையில் மில் வேலைநிறுத்தம் தொடங்கியபோது உங்களுக்கு இருபது வயது இருக்கும், அவருக்குப் பதினொன்று. சுமார் 2.5 லட்சம் தொழிலாளர்கள் இறங்கிய போராட்டம் அது. பல மில்கள் பிறகு பழையபடி திறக்கவே இல்லை. ஒழுங்காக வேலைக்குப் போய்க்கொண்டிருந்த அப்பா சும்மா உட்கார்ந்திருப்பதை, வேலை தேடும் வயதில் நீங்கள் பார்த்தீர்கள். தம்பிக்கு இருபது வயதாகும்போது 1991 தாராளமயமாக்கல் வந்துவிட்டது. ஏற்றுமதி ஆர்டர், புதுக் கடைகள், கையில் காசு. பவோலா ஜூலியானோ, அன்டோனியோ ஸ்பிலிம்பெர்கோ என்ற இரு பொருளாதார அறிஞர்கள் அமெரிக்கத் தரவுகளை வைத்து 2014-ல் வெளியிட்ட ஆய்வில், 18 முதல் 25 வயதுக்குள் பொருளாதாரச் சரிவைப் பார்த்தவர்கள் வாழ்க்கையில் அதிர்ஷ்டத்தின் பங்கு அதிகம் என்று நம்பினார்கள், அரசு வருமானத்தை எல்லோருக்கும் பகிர்ந்தளிப்பதை அதிகம் ஆதரித்தார்கள். அந்த மனப்பான்மை நெடுநாள் நின்றது. ஜெர்மனி ஒன்றானபின் பார்த்த ஆய்விலும், கிழக்கில் வளர்ந்தவர்கள் மேற்கத்தியவர்களைவிட அரசின் பங்கை அதிகம் விரும்பினார்கள், இடைவெளி மறைய ஒன்றிரண்டு தலைமுறை ஆகும் என்று கணித்தார்கள். இதை கிரண்காவ் (மும்பையின் மில் தொழிலாளர் பகுதி) வீடுகளுக்கு அப்படியே பொருத்தலாம் என்பது என் சொந்த ஊகம். அதற்கு நேரடி ஆதாரம் என்று எதையும் உங்களிடம் நீட்டமாட்டேன். ஆனால் ஒரே வீடு என்று நீங்கள் சொல்வது முகவரிக்கு மட்டும்தான் உண்மை, ஆளுக்கொரு காலத்தில் வளர்ந்திருக்கிறீர்கள்.

பணம் மனதை மாற்றுமா என்று நேராகக் கேட்டிருந்தீர்கள். கொஞ்சம் மாற்றும். வருமானம் ஏற ஏற வரிக்கு எதிரான மனநிலை ஏறுவது பல நாடுகளில் தெரிகிறது, ஆனால் எதிர்பார்க்கிற அளவுக்கு இல்லை. உழைக்காமல் வந்த பணத்தை வைத்துச் சோதித்தவர்களும் உண்டு. அமெரிக்காவில் லாட்டரி அடித்தவர்களைப் பற்றிய 2006-ம் வருட ஆய்வில், பரிசு பெரிதாகப் பெரிதாக வாரிசுச் சொத்து வரிமீது வெறுப்பு கூடியது. ஆனால் சமூகத்தில் ஏற்றத்தாழ்வு சரியா தப்பா என்ற பொதுக் கருத்து பெரிதாக அசையவில்லை. தன் பர்ஸைத் தொடுகிற இடத்தில் கருத்து மாறுகிறது, மற்றபடி ஆள் அதே ஆள் என்று நான் இதைப் படிக்கிறேன்.

பொருளாதார அறிஞர் ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் 1973-ல் சொன்ன ஓர் உவமை இங்கே உதவும். சுரங்கப்பாதையில் இரண்டு வரிசையும் நின்றுவிட்டது. பக்கத்து வரிசை நகர ஆரம்பித்தால் முதலில் சந்தோஷம்தான் வருகிறது, நமக்கும் வழி விடப்போகிறது என்று. நம் வரிசை அசையாமலே கிடந்தால் அதே காட்சி கோபமாகிவிடும். 1991-க்குப் பிறகு மேலே வந்தவர்களுக்கு நகர்கிற வரிசை நம்பிக்கையின் அடையாளம். நகராத வரிசையிலிருந்தவர்களோடு வேலை பார்த்தவர் நீங்கள். ஹிர்ஷ்மன் இன்னொன்றும் சொன்னார்: நகர்கிறவன் நம்மில் ஒருவன் என்று தோன்றினால்தான் அந்த முதல் சந்தோஷமே வரும். சாதி, மொழி, மதம் என்று பிரிந்து கிடக்கிற ஊரில் அது சீக்கிரமே கசந்துவிடும்.

சாதி என்று வந்ததால் இதையும் சொல்லியாக வேண்டும். நான் மேலே சொன்ன அளவுகோல்கள் எல்லாம் ஐரோப்பா, அமெரிக்கா, இஸ்ரேலில் வடிவமைத்தவை. நம் ஊரில் யார் எதற்குத் தகுதியானவர் என்ற கேள்விக்குள் சாதி உட்கார்ந்திருப்பதை அவை நேராகப் பிடிப்பதில்லை. வருமான ஏற்றத்தாழ்வு தப்பு என்று ஐந்துக்கு ஐந்து போடுகிறவர் இடஒதுக்கீடு என்றதும் கொதிப்பதை நான் மாட்டுங்காவிலும் பார்த்திருக்கிறேன், செம்பூரிலும் பார்த்திருக்கிறேன். தாராவியிலும் தகுதிக் கணக்கு வேறு ரூபத்தில் உண்டு. மறுசீரமைப்புத் திட்டத்தில் 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்து தரைத்தளத்தில் இருப்பவர்களுக்கு 350 சதுர அடி வீடு இலவசம், பின்னால் வந்தவர்களுக்கும் மாடியில் இருப்பவர்களுக்கும் அது இல்லை என்று கோடு கிழித்ததும், ஏழைகளுக்காகப் பேசுகிற அதே வாய் "அவன் நேற்று வந்தவன், அவனுக்கு எதற்கு?" என்று கேட்டது. நெதர்லாந்து சமூகவியலாளர் விம் வான் ஓர்ஸ்கோட் 2000-ல் எழுதியதில், உதவிக்குத் தகுதியானவர் யார் என்று ஜனங்கள் ஐந்து விஷயங்களை வைத்து முடிவு செய்வதாகச் சொன்னார்: நிலைமை அவர் கைமீறியதா, தேவை எவ்வளவு, நம்மவரா, பணிவாக இருக்கிறாரா, ஏற்கெனவே ஏதாவது பங்களித்திருக்கிறாரா. "நம்மவரா" என்பது மும்பையில் ரொம்பக் கனமான கேள்வி, 1960-களின் கடைசியில் தமிழர்களுக்கு எதிராகவே அது கேட்கப்பட்டது என்பது உங்கள் அப்பா தலைமுறைக்கு நன்றாகத் தெரியும்.

இடைவெளி எவ்வளவு என்பது தெரியாமலேதான் நம்மில் பெரும்பாலானவர்கள் பேசுகிறோம். ஏணியில் பத்துப் படி இருந்தால் உங்கள் குடும்பம் எந்தப் படியில் என்று கேட்டால், காரில் போகிறவரும் நடுவில் கை வைக்கிறார், லோக்கல் ரயிலில் தொங்குகிறவரும் நடுவில் கை வைக்கிறார். உலக ஏற்றத்தாழ்வு ஆய்வகம் 2024-ல் வெளியிட்ட அறிக்கைப்படி, 2022-23-ல் இந்தியாவின் மேல் 1 சதவீதத்தினரிடம் தேசிய வருமானத்தில் 22.6 சதவீதமும் சொத்தில் 40.1 சதவீதமும் இருந்தன. இவை வரிக் கணக்கு, கணக்கெடுப்பு, பணக்காரர் பட்டியல் எல்லாவற்றையும் சேர்த்துப் போட்ட மதிப்பீடுகள், முறையைப் பற்றி விவாதம் உண்டு. வீட்டுச் செலவை வைத்துக் கணக்கிட்டால் இடைவெளி இதைவிடக் குறைவாகத் தெரியும். தன் படியைத் தவறாக நினைத்திருப்பவரிடம் சரியான படியைச் சொன்னால் கருத்து மாறுமா என்று ப்யூனஸ் அயர்ஸில் சோதித்து 2013-ல் வெளியிட்டார்கள். தான் நினைத்ததைவிடக் கீழே இருக்கிறோம் என்று அறிந்தவர்கள் பகிர்ந்தளிப்பை அதிகம் கேட்டார்கள். உங்கள் தம்பி விஷயத்தில் இது எந்தப் பக்கம் வேலை செய்யும் என்பது, அவர் தன்னை எந்தப் படியில் வைத்திருக்கிறார் என்பதைப் பொறுத்தது.

கடைசியாக, அவரிடம் எப்படிப் பேசுவது என்பது. புள்ளிவிவரத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள். 2015-ல் அமெரிக்காவில் வெளியான ஒரு பெரிய ஆய்வில், தகவல் கொடுத்ததும் ஏற்றத்தாழ்வு பெரிய பிரச்சினைதான் என்று ஒப்புக்கொண்டவர்கள் கூடினார்கள், ஆனால் அதற்கு என்ன செய்ய வேண்டும் என்பதில் கருத்து பெரும்பாலும் மாறவில்லை. முக்கியமான விதிவிலக்கு வாரிசுச் சொத்து வரி: அதை எவ்வளவு குறைவான குடும்பங்கள் கட்டுகின்றன என்று சொன்னதும் ஆதரவு நன்றாக உயர்ந்தது. நம் நாட்டில் அப்படி ஒரு வரி 1953 முதல் 1985 வரை இருந்தது என்பதே பலருக்குத் தெரியாது. உழைப்பை மதிக்கிறவர் என்பதால் அவரிடம் நேராகவே கேட்கலாம்: பிறந்ததாலேயே கோடிகள் கிடைக்கிற பையனின் உழைப்பு எது? அவர் உங்கள் பக்கம் வந்துவிடுவார் என்று சொல்லவில்லை. "என் பிள்ளைக்குத்தானே சேர்த்தேன்" என்ற பதிலும் வரலாம், அதுவும் ஒரு விழுமியம்தான்.

நான் கணக்கெடுப்பில் கையாளுகிற ஒரு வழியும் இருக்கிறது. ஏழைகள் ஏன் ஏழைகள் என்று பொதுவாகக் கேட்காமல், பெயர் சொல்லிக் கேட்பது. உங்கள் பழைய சந்தில் இருந்த வீடுகளை வரிசையாகச் சொல்லி, இந்த வீட்டுக்காரர் ஏன் மேலே வரவில்லை, அந்த வீட்டுப் பையன் ஏன் படிப்பை விட்டான் என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். சோம்பேறி என்ற பதில் முதலிரண்டு வீட்டுக்கு வரலாம். அப்புறம் "அவங்கப்பா செத்துட்டாரு", "அதுக்கு அந்த வருஷம் ஆபரேஷன்" என்று அவரே சொல்ல ஆரம்பிப்பார். ஆனால் அந்த வரிசையில் குடித்தே தொழிலை அழித்தவர் வீடும் ஒன்றிரண்டு வரும், அங்கே வரும்போது நீங்கள் தாவிப் போகக் கூடாது.